பெம்பெதாத்து என்றால் முக்கோணம்

தான்சானியாவில் இருக்கும் மொரோகோரோவுக்கு வந்து எட்டு வாரம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பயிற்சி முடிந்து, உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிடுவோம். கிளம்பும்போது அக்கா கேட்டாள், "கணக்கு சொல்லிக்கொடுக்க உனக்கு எதுக்குடி தனியா பயிற்சி, இன்ஜினியரிங் படிச்சவதானே?" அவளுக்கு அப்போது சொல்ல முடியாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

நான் வந்திருப்பது பீஸ் கோர் மூலமாக. 1961-ல் அமெரிக்க அரசு தொடங்கிய தன்னார்வலர் அமைப்பு, அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே எடுப்பார்கள், அதனால் குடியுரிமை கிடைத்த பிறகுதான் விண்ணப்பிக்க முடிந்தது. மொத்தம் 27 மாதம், அதில் முதல் இரண்டரை மூன்று மாதம் பயிற்சி, மீதி இரண்டு வருடம் தான்சானியாவில் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு அல்லது அறிவியல். தாரெஸ் ஸலாமிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் வந்தால் உலுகுரு மலையடிவாரத்தில் இந்த ஊர். காலையில் நாலைந்து பேராக உட்கார்ந்து இந்த நாட்டு மொழியான ஸ்வாஹிலி, அப்புறம் பாடம் நடத்தும் பயிற்சி, நடுவில் மலேரியா மாத்திரை, கொசுவலை, பிரம்பைத் தொடாமல் பெரிய வகுப்பைச் சமாளிப்பது எல்லாம் உண்டு.

தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு. வீட்டு அம்மாவை நான் மாமா என்று கூப்பிடுகிறேன், ஸ்வாஹிலியில் அம்மாவுக்கு அதுதான் சொல். முதல் நாள் ராத்திரி அவர் கரி அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, மக்காச்சோள மாவைத் தூவி, ம்விகோ என்கிற தட்டையான மரத்துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, பானையை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு கிண்டினார். தர்மபுரியில் எங்கள் ஆயா கேழ்வரகுக் களி கிண்டியது கண்ணில் வந்து நின்றது. உகாலி என்கிற அந்தக் களி தட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, பீன்ஸ் குழம்பை அள்ளிச் சாப்பிட்டேன். மாமா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நேரக் கணக்கும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு இங்கே சா மோஜா, அதாவது ஒரு மணி. எட்டு என்றால் இரண்டு. பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். கூட வந்தவர்கள் திணறினார்கள், உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிற பஞ்சாங்கம் வீட்டில் தொங்கியதால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பெரியவர்களைக் கண்டால் முதலில் ஷிகாமோ, அவர்கள் மரஹபா என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு. உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதுதான் அதன் பழைய பொருள் என்றார் மொழி ஆசிரியர்.

சரி, இதெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. வகுப்பறை அப்படி வரவில்லை.

இங்கே அரசுப் பள்ளியில் முதல் ஏழு வருடம் எல்லாப் பாடமும் ஸ்வாஹிலியில். எட்டாவது வருடம், ஃபார்ம் ஒன் என்பார்கள், அங்கே போனதும் கணக்கு, இயற்பியல், உயிரியல் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பதிமூன்று பதினான்கு வயசுப் பிள்ளைகள். பயிற்சிக்காக எனக்குக் கொடுத்த ஃபார்ம் ஒன் வகுப்பில் எழுபது பேருக்கு மேல். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று நடத்தினேன். புரிந்ததா என்று கேட்டால் எழுபது குரலும் சேர்ந்து "யெஸ் மேடம்". நோட்டு எல்லாம் பார்க்க அழகு, தலைப்புக்குச் சிவப்புக் கோடு, படம் அளவெடுத்து வரைந்தது. கடைசியில் கொடுத்த கணக்கை மட்டும் அத்தனை பேரும் பலகையில் இருந்தபடியே எழுதிவைத்திருந்தார்கள், விடை ஒருவரிடமும் இல்லை.

பின்பெஞ்சில் இருந்த என் பயிற்சியாளர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பெம்பெதாத்து நி நினி?" முக்கோணம் என்றால் என்ன? அத்தனை கையும் மேலே. வெளியே வந்ததும் ஒரு தாளை நீட்டினார். நாற்பது நிமிடத்தில் நான் பேசியதில் அந்தப் பிள்ளைகள் அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஆங்கிலச் சொற்கள், வரிசையாக 31. "ம்வாலிமு, இவர்களுக்குக் கணக்கு தெரியும். நீங்கள் கேட்டது என்னவென்றுதான் தெரியவில்லை" என்றார். ம்வாலிமு என்றால் ஆசிரியர்.

அந்தத் தாளைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. காலேஜில் முதல் வாரம் டெரிவேட்டிவ், டெரிவேட்டிவ் என்று பலகை நிறைய எழுதினார்கள், அது எனக்கு நன்றாகத் தெரிந்த வகைக்கெழுதான் என்று தெரிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நானும் தலையைத்தான் ஆட்டினேன். இத்தனை அனுபவித்தவள், எப்படி மறந்தேன்?

இந்த ஏற்பாடு சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபார்ம் ஃபோர் தேர்வு ஆங்கிலத்தில்தான் வரும், அதை நான் மாற்ற முடியாது. பாடம் தொடங்கும் முன் பலகையின் இடது ஓரத்தில் ஆறு சொற்கள், பக்கத்தில் ஸ்வாஹிலி. அந்த ஆறைத் தாண்டி அன்று புதுச் சொல் கிடையாது. இப்போது அப்படித்தான் நடத்துகிறேன், கேள்விகள் வர ஆரம்பித்திருக்கின்றன. தப்பான விடைகளும் வருகின்றன, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். நாட்டின் முதல் அதிபர் நியெரேரே அரசியலுக்கு முன் பள்ளி ஆசிரியர், இன்றும் அவரை ம்வாலிமு என்றுதான் சொல்கிறார்கள். மாமா வீட்டுப் பிள்ளைகள் அதே சொல்லால் என்னைக் கூப்பிடும்போது இன்னும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மாமாவின் மூத்த பெண்ணும் ஃபார்ம் ஒன்தான், வேறு பள்ளி. சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள். நேற்று அவள் கேட்டது, உங்கள் மொழியில் பெம்பெதாத்துவுக்கு என்ன சொல்? முக்கோணம் என்றேன். தாத்து என்றால் மூன்று, பெம்பே என்றால் மூலை, மாட்டுக்கொம்புக்கும் அதே சொல். 'மு' என்றால் மூன்று, 'கோணம்' என்றால் மூலை என்று பிரித்துக் காட்டியதும், "அப்படியானால் கோணம் என்றால் கொம்பா?" என்றாள். இல்லை, ஆனால் கிட்டத்தட்ட வந்துவிட்டாய் என்று கொம்பு என்ற சொல்லையும் எழுதிக்கொடுத்தேன். நோட்டில் இப்போது ஆங்கிலம், ஸ்வாஹிலிக்குப் பக்கத்தில் தமிழுக்கென்று மூன்றாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறாள்.

நாளைக்கு நாற்கரம், பெம்பென்னே. ஆறு சொற்களையும் அவளே பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள்.