மெல்பர்னிலிருந்து மவுண்ட் கேம்பியர் வரை: எரிமலைகள் விட்டுச்சென்ற ஏரிகள்

மெல்பர்னிலிருந்து மேற்கே செல்பவர்களில் பெரும்பாலோர் கடலோரமாகச் செல்லும் கிரேட் ஓஷன் சாலையையே தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் இம்முறை அதை விடுத்து, பிரின்சஸ் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் நகரம் வரை காரில் சென்றோம். ஜீலாங்கைத் தாண்டியதும் விரியும் சமவெளி வெறும் மேய்ச்சல் நிலமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறையின் மேல் படர்ந்த புல்வெளி. 400க்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் இப்பகுதியில் சிதறிக் கிடக்கின்றன. கடலோரச் சாலைக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்காவது இந்நிலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேம்பர்டவுன் ஊருக்கு அருகே புல்லன் மெரி, நோட்டக் என்னும் இரண்டு ஏரிகள் ஒரு குறுகிய மேட்டின் இருபுறமும் அமைந்துள்ளன. மேலேறி வந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீர் ஒரு நொடியில் ஆவியாகிப் பாறையைப் பிளந்து வெடித்ததால் உண்டான பள்ளங்கள் இவை. நோட்டக்கின் நீர்மட்டம் புல்லன் மெரியைவிடக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. அதன் நீரோ கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. "ரெண்டுக்கும் ஒரே மழைதானே அப்பா, இதுல மட்டும் ஏன் இவ்வளவு உப்பு?" என்று மகள் கேட்டாள். முற்காலத்தில் புல்லன் மெரி நிரம்பியபோது அதன் நீர் நோட்டக்குக்குள் வழிந்தது. நோட்டக்கிலிருந்து நீர் வெளியேற வழியில்லாததால், வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு அங்கேயே தங்கிவிட்டது.

வார்னம்பூலுக்கு மேற்கே உள்ள டவர் ஹில் என்னும் எரிமலை 1892இல் விக்டோரியா மாநிலத்தின் முதல் தேசியப் பூங்காவானது. அது வெடித்தது ஏறத்தாழ 37,000 ஆண்டுகளுக்கு முன்பு என்கிறார்கள். அப்போது படிந்த சாம்பலுக்கு அடியிலிருந்து 1940களில் ஒரு கற்கோடரி கிடைத்தது என்பதால், அதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் வெட்டி மொட்டையாக்கிய இங்குள்ள காட்டை 1960களில் மீட்க முனைந்தபோது, எந்த மரம் எங்கே நின்றது என்பதை அறிய யூஜின் வான் கெரார்ட் 1855இல் தீட்டிய ஓவியம் துணைசெய்தது. இன்று ஈமுக்கள் கார் நிறுத்துமிடம் வரை வந்து உலவுகின்றன; கோலா ஒன்று தலைக்கு நேர் மேலே கிளைக்கவட்டில் உறங்குவதைப் பிள்ளைகள் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பயணத்தின் சிகரம் மவுண்ட் கேம்பியரின் நீல ஏரிதான். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக இளைய எரிமலைகளுள் ஒன்றின் வாயில் அமைந்த ஏரி இது; அந்த எரிமலை ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தது. 70 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள அந்த நீரின் நிறத்தைப் படங்களில் பார்த்தபோது, மெருகேற்றியிருப்பார்கள் என்றுதான் என் மனைவி நினைத்திருந்தாள். விளிம்பில் நின்று நேரில் பார்த்ததும் பேச்சு வரவில்லை. குளிர்காலத்தில் சாம்பல் நிறமாக மங்கியிருக்கும் ஏரி, நவம்பர் வாக்கில் நிறம் மாறத் தொடங்கி மார்ச் வரை அடர்நீலமாக ஒளிர்கிறது. மேல்மட்ட நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, நீரைத் தெளிவாக்கிக்கொண்டே நீல ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்று விளக்குகிறார்கள். ஏரியைச் சுற்றியுள்ள 3.6 கிலோமீட்டர் பாதையில் நடக்க நடக்க, வெயிலின் கோணத்துக்கேற்ப அந்த நீலம் மாறிக்கொண்டே இருந்தது.

நகரத்தின் குடிநீர் இதிலிருந்துதான் வருகிறது. ஆகவே யாரும் இறங்கிக் குளிக்க அனுமதியில்லை. பழைய கிணற்றுக் குழிக்குள் அமைத்த மின்தூக்கியில் நீர்மட்டத்துக்கு அருகே வரை அழைத்துச் செல்கிறார்கள். நடக்கச் சிரமப்படும் என் அம்மாவும் வர முடிந்தது பெரிய நிறைவு.

அருகிலேயே இருந்த இரண்டு சிறிய எரிமலை ஏரிகள் நிலத்தடி நீர் தாழ்ந்ததால் வற்றிவிட்டன. அம்பர்ஸ்டன் பள்ளத்திலும் அதே கதைதான். 1880களில் ஜேம்ஸ் அம்பர்ஸ்டன் தோட்டமாக்கிய இச்சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் அடியில் ஒருகாலத்தில் படகு விடும் அளவுக்கு நீர் இருந்திருக்கிறது. இப்போது அங்கே புல்தரைதான். கொடிகள் தொங்கும் சுவரை நெருங்கிப் பார்த்தால், கல்லில் கடலுயிர்களின் நொறுங்கிய ஓடுகள் விரலில் நெருடுகின்றன. நீல ஏரியை ஊட்டுவதும் இந்தக் கல்லுக்குள் ஊறிவரும் நீர்தான்.

செல்ல விரும்புவோர் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். விக்டோரியாவின் எல்லையைக் கடந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். பழ ஈ பரவாமல் தடுக்கும் சட்டம் கண்டிப்பானது என்பதால், கையிலிருக்கும் பழங்களை எல்லைக்கு முன்பே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.