வெஸ்லியின் ஒழுங்கும் விசுவாசமும்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் உபவாசத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை நான் நினைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற அவர், ஆக்ஸ்போர்டில் நண்பர்களோடு புதன், வெள்ளி நாட்களில் உபவாசித்து, சிறைக்கைதிகளைச் சந்தித்து, திருவிருந்தைத் தவறாமல் பெற்று வாழ்ந்தவர். ஒழுங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் 1736 ஜனவரியில், அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குச் சென்ற கப்பலின் பெரிய பாய் புயலில் கிழிந்து, தளங்களுக்கிடையே கடல்நீர் பாய்ந்து, ஆங்கிலேயர்கள் அலறிய வேளையில், ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் குழுவினரான மொரேவியச் சபையார் மட்டும் சங்கீதம் பாடுவதை நிறுத்தவில்லை. பயமாக இல்லையா என்று அவர்களில் ஒருவரிடம் வெஸ்லி பிறகு கேட்டபோது, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூட மரணத்துக்கு அஞ்சுவதில்லை என்று பதில் வந்தது. தமக்கோ சாக மனமில்லாதிருந்ததை அவரே தம் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், வேதாகமத்தின் ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோதுதான், கிறிஸ்து தம்முடைய பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்குக் கிடைத்தது. அதன்பின்னும் அவர் உபவாசத்தையோ திருவிருந்தையோ கைவிடவில்லை. 1791இல் மரிக்கும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார். ஆகவே, பாரம்பரியம் அனைத்தும் வெறும் சடங்கு என்று சொல்லிச் சபையைவிட்டு வெளியேறுகிறவர்கள் அவரைத் தங்களுக்குச் சாட்சியாக அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.