மூத்தவனுக்கு ஒரு பள்ளி, இளையவளுக்கு வேறொரு பள்ளி

சிங்கப்பூருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" என்றுதான் முதலில் விசாரிக்கின்றன. அரசுப் பள்ளி என்றால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஆங்கிலமும் கணக்கும் மட்டும்தான். தேறினால், காலியிடத்தையும் வீடு இருக்கும் பகுதியையும் பார்த்துக் கல்வி அமைச்சே ஒரு பள்ளியைக் கொடுக்கும். அது வேண்டாமென்றால் வேறு பள்ளி கேட்க முடியாது. தேறியும் இடம் கிடைக்காமல் போகலாம். கட்டிய தேர்வுக் கட்டணம் திரும்பி வராது.

ஆகவே நாங்கள் தேர்ந்தெடுத்தது பள்ளியை அல்ல, பாதையை. அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பாதை சரிவரவில்லை.

மூத்தவன் கோயம்புத்தூரில் எட்டாவது முடித்திருந்தான். இந்தத் தேர்வு வழியாக உயர்நிலை 3 (ஊரில் ஒன்பதாவது மாதிரி) வரைதான் சேரலாம். சேர்ந்தால் உயர்நிலை 4 முடிவில் பொதுத்தேர்வு. என் கணவருக்கோ வேலை ஒப்பந்தம் இரண்டே வருடம். நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தால் அவன் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அதனால் அவனுக்குச் சிபிஎஸ்இ பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளி. ஏப்ரலில் வகுப்பு தொடங்கும், ஊரில் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடரலாம். கட்டணம்தான் மலைக்க வைத்தது, மாதம் ஆயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். அரசுப் பள்ளியும் நமக்கு மலிவில்லை. குடிமக்கள் அல்லாதோருக்கான கட்டணத்தை 2024 முதல் 2026 வரை ஆண்டுதோறும் கூட்டுவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்.

இளையவள் மூன்றாவது முடித்தவள், அவளுக்கு அரசுப் பள்ளிப் பாதை. தொடக்கநிலை 2 முதல் 5 வரை இந்தத் தேர்வு உண்டு. தொடக்கநிலை 1க்குத் தனிப் பதிவு, உள்ளூர்ப் பிள்ளைகள் போக மிச்சமுள்ள இடங்களில்தான். தொடக்கநிலை 6க்கு இந்த வழி கிடையாது. இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நாங்கள் வந்தது ஏப்ரல், தேர்வு செப்டம்பர் வாக்கில், முடிவு டிசம்பரில். அதுவரை அவளுக்கு வீடும் பக்கத்து நூலகமும்தான் பள்ளி.

"சீட் நிச்சயம்" என்று ஒரு டியூஷன் நிலையத்தில் சொன்னார்கள். காலியிடம் அவர்கள் கையிலா இருக்கிறது? வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தோம். ஆங்கிலம் பரவாயில்லை. கணக்கில்தான் புதுப் பழக்கம் வேண்டியிருந்தது. "இருவரிடம் சேர்த்து 84 மணிகள். தங்கையிடம் இருப்பதைப் போல் மூன்று மடங்கு அண்ணனிடம். தங்கையிடம் எத்தனை?" மூத்தவன் உடனே "எக்ஸ் போடு" என்பான். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எக்ஸ் கிடையாது, கட்டம்தான். தங்கைக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு அதே அளவில் மூன்று. நான்கு கட்டம் 84 என்றால் ஒரு கட்டம் 21. இரண்டு படிக் கணக்கானாலும் கட்டம் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொஞ்ச நாளில் அவளுக்குக் கட்டம் போடாமல் யோசிக்கவே வரவில்லை!

கிடைத்தது பேர்பெற்ற பள்ளி அல்ல. எனக்குக் கொஞ்சம் சுணக்கம்தான். எதிர் வீட்டு அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சிரித்தார். "பேரைப் பாக்காதீங்கம்மா, எந்த பஸ்சுன்னு பாருங்க. காலைல ஏழரைக்கு உள்ள இருக்கணும்ல?" அவர் சொன்னதுதான் சரி. ஒரே பேருந்து, நான்கு நிறுத்தம்.

தாய்மொழிப் பாடத்துக்குத் தமிழா, இந்தி மொழியா என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம். ஊரில் அவள் இரண்டாம் மொழி இந்தி. நான் தமிழ் என்று பிடிவாதமாக நின்றேன். அவள் பள்ளியிலேயே தமிழ் இருக்கிறது. இல்லாத பள்ளிப் பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். இங்கே பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு, படம் காட்டிப் பேசச் சொல்கிறார்கள். எழுத்தில் தடுமாறும் என் மகள், அதில் மட்டும் நிறுத்தாமல் பேசுகிறாள்.

கிளம்பப் போகிறவர்களுக்கு ஒன்று: 12 வயது வரையுள்ள, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே நீண்டகாலம் தங்க அனுமதி கேட்கும்போது தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், 2019 முதல் இதுதான் விதி. ஊர் மருத்துவரின் கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் அங்கேயே தெளிவாக எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.