செடித் தொட்டியில் மீன்: எட்டு வாரக் குறிப்பு

தொட்டி 60 லிட்டர். அடியில் 5 செ.மீ. கழுவிய சன்னக் கூழாங்கல். பின்வரிசையில் வாலிஸ்நேரியா, ஓரத்தில் ஹைட்ரில்லா, மரத்துண்டில் நூலால் கட்டிய ஜாவா ஃபெர்ன். ஃபெர்னின் கிடைத்தண்டைக் கல்லுக்குள் புதைக்காதீர்கள், அழுகிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. விளக்கு டைமரில் 7 மணி நேரம்.

முதல் 2 வாரம் மீன் இல்லை. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு இரையாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும். வாலிஸ்நேரியாவின் பழைய இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்தன. இடம் மாறிய செடி இப்படித்தான் செய்யும். குருத்து உறுதியாக இருந்தால் பிழைத்துவிடும். கரையும் இலைகளை அன்றன்றே வெட்டி எடுத்தாயிற்று. அழுகும் இலையும் மீன் கழிவைப் போல அம்மோனியாவாகத்தான் மாறும்.

மூன்றாம் வாரம் நைட்ரைட் ஏறியது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு மீன் விட்டால், நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாது, செவுள் பழுப்பேறும். ஐந்தாம் வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0. அதன் பிறகே 6 ஆண் கப்பிகள்.

ஆறாம் வாரம்தான் முக்கியமானது. ஹைட்ரில்லா பாதித் தொட்டியை அடைத்திருந்தது. பிற்பகலில் இலை விளிம்பெல்லாம் முத்து முத்தாகக் குமிழி, மீன்கள் துள்ளல். விடிகாலை 5 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் ஆறும் நீர்மட்டத்தில் வாயை ஒட்டிக்கொண்டு, செவுள் படபடக்க நின்றன. அம்மோனியா அப்போதும் 0 தான். பகலில் ஆக்சிஜன் தரும் செடி, இருட்டியதும் மீனோடு சேர்ந்து அதையே சுவாசிக்கிறது. வெப்பநிலை கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி., 30 டிகிரியில் 7.5 மி.கி. நீர்மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் காற்று உள்ளே இறங்குவதும் மட்டுப்படும். பகலில் மட்டும் தொட்டியைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவே முடியாது. "நேற்று நன்றாக இருந்த மீன் காலையில் செத்துக் கிடந்தது" என்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

செய்தது: ஹைட்ரில்லாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தோம். டிஷ்யூ தாளை நீர்மேல் பரப்பி, படலத்தை ஒற்றி எடுத்தோம். இன்னொரு டைமரில் ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்) மாட்டி, விளக்கு அணையும்போது ஓடி, எரியும்போது நிற்கும்படி வைத்தோம். மறுநாள் அதே 5 மணிக்கு மீன்கள் இலைகளுக்கு நடுவே அசையாமல் தூங்கின. செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துபவர்கள் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். இரவில் அதை உறிஞ்ச ஆளில்லை.

ஏழாம் வாரம் கண்ணாடியில் பச்சைப் பாசி. விளக்கு 6 மணி நேரமானது, தீனியும் குறைந்தது.

வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றம் தொடர்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் போகும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் போகாது, அதற்கு நீக்கிக் கரைசல் வேண்டும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் ஐந்து வாரம் வளர்த்த பாக்டீரியா செத்து, அம்மோனியா மறுபடி ஏறும்.