செப்டம்பர் 30க்குப் பிறகு வரும் குழந்தைகளுக்கு யார் கணக்கு எழுதுவது?

2022ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது, எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் குழுவுக்குத் தலைவராகப் பெற்றோர் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது பேர் கொண்ட குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறபடி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாதக் கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடுவதும், சுதந்திர தின விழாவுக்கு மிட்டாய் ஏற்பாடு செய்வதும்தான் தலைவரின் வேலை என்று ஊரில் பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை இந்தக் குழுவிடம் ஒப்படைப்பதோடு நிற்காமல், அரசு தீட்டும் திட்டங்களுக்கும் வழங்கும் மானியங்களுக்கும் அந்தத் திட்டமே அடிப்படையாக அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போன வழியை, இதே வேலையில் இறங்கும் மற்ற குழுக்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை, சத்துணவு ஆகியவை தனித்தனி வழிகளில் வருகின்றன. பள்ளியின் கையில் வந்து சேர்ந்து, குழுவின் தீர்மானத்தோடு செலவாகும் தொகை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் பள்ளி மானியம். நாடு முழுவதும் பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் யூடைஸ் பதிவின் முந்தைய ஆண்டுக் கணக்கில், செப்டம்பர் 30 அன்று பட்டியலில் இருந்த மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு அது படிநிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. 30 பேர் வரை என்றால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம்.

இந்தப் பட்டியலைத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தபோதுதான் அதன் கோணல் தெரிந்தது. 30 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு குழந்தைக்கு 333 ரூபாய் விழுகிறது. 31 பேர் படித்தால் 806 ரூபாய். 100 பேர் என்றால் 250 ரூபாய், ஆயிரம் பேர் என்றால் 75 ரூபாய். பெரிய பள்ளியில் தலைக்குச் செலவு குறையும் என்பது நியாயமான வாதம்தான், ஏனென்றால் ஒரு தண்ணீர்த் தொட்டியை முப்பது பேருக்கும் கட்டலாம், அறுபது பேருக்கும் கட்டலாம். ஆனால் முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் ஒரே பிள்ளைக்காக 15,000 ரூபாய் ஏறி இறங்குவதற்கு அந்த வாதம் பொருந்தாது. அந்தப் பிள்ளை யார், வீட்டில் படித்தவர் உண்டா, காது கேட்கிறதா, ஆண்டில் எத்தனை ஊர் மாறுகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

எங்கள் பட்டியலில் அப்போது 27 பேர் இருந்தார்கள். எனவே 10,000 ரூபாய். அதுவும் தவணையாக வரும். அதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. பணப்பதிவேட்டைத் தலைமையாசிரியை என் முன் விரித்து வைத்தபோது, பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், கழிப்பறைக் குழாய்க்கு வாஷர் என்று அந்தத் தலைப்பில் மட்டும் விதி சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு எழுதியிருந்தது. சாக்பீஸ், மின்விளக்கு, கதவுத் தாழ்ப்பாள், ஒரு கயிறு, இரண்டு பந்து எல்லாம் போக மீதி என்று சொல்ல ஏதுமில்லை. ஒவ்வொரு வரிக்கும் பற்றுச்சீட்டு எண் இருந்தது. சில வரிகளின் ஓரத்தில் பென்சிலால் 'சொந்தப் பணம்' என்று சிறிதாகக் குறித்திருந்தார். அது எவ்வளவு என்று கேட்டேன். "அதைக் கூட்டிப் பார்க்கிறதில்லம்மா" என்றார்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் வேலை தொடங்கிவிடும். வேறு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து, ஜூன் வரை தங்கி, மழைக்கு முன் ஊர் திரும்பும். குழந்தைகளும் கூடவே வருவார்கள். முன்பெல்லாம் அவர்களில் பெரும்பாலோர் சூளையிலேயே இருந்துவிடுவார்கள். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆண்டின் நடுவில் எப்படிச் சேர்ப்பது என்ற தயக்கம் பள்ளிப் பக்கமும் இருந்தது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது: வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காகவோ எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதி, குழு உறுப்பினர்கள் சூளைகளுக்கு நேரில் போய்ப் பேசினோம். "அனுப்புறோம் அக்கா, ஆனா சின்னதை யாரு பாத்துக்குவா?" என்று கேட்ட ஒரு தாயின் மூத்த மகளுக்கு ஒன்பது வயது. அங்கன்வாடியில் அந்தச் சின்னக் குழந்தைக்கு இடம் கேட்டு வாங்கிய பிறகே அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். இப்படியாக எங்கள் வகுப்பறைகளில் 27 பேர் 40 பேர் ஆனார்கள். மானியம் அதே 10,000.

வந்தவர்களை எமிஸ் எனப்படும், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பதிவது அடுத்த சிக்கல். ஒரு குழந்தையின் பதிவை முந்தைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுக்க முடியும். சொந்த ஊர்ப் பள்ளிகளில் சிலர் விடுவிக்கத் தயங்கினார்கள். அதைப் பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. செப்டம்பர் 30 எண்ணிக்கையை வைத்து மானியம் நிர்ணயிக்கப்படுகிறது. ஒரு பெயர் போனால் ஓர் ஆசிரியரே போய்விடக்கூடும் என்ற பயம் சிறிய பள்ளிகளுக்கு எப்போதும் உண்டு. தலையை மட்டும் எண்ணும் முறை, ஒரே குழந்தைக்காக இரண்டு ஏழைப் பள்ளிகளை எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. இதற்கு வழி சொன்னவர் எங்கள் தலைமையாசிரியைதான். சூளைக் குழந்தைகள் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சொந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆகவே ஜனவரியில் விடுவித்து ஜூனில் திரும்பப் பெற்றால் அந்தப் பள்ளிக்கு இழப்பு ஏதுமில்லை. குழுவின் தீர்மான நகலுடன், கல்வியாண்டு முடிந்ததும் பதிவைத் திருப்பி விடுவிப்பதாக உறுதி கூறி அவர் கடிதம் எழுதினார். பெரும்பாலான பள்ளிகள் அதன் பிறகு விடுவித்தன.

பதிவானதால் அந்தக் குழந்தைகளுக்குப் பாடநூல் கேட்க முடிந்தது, தேர்ச்சி விவரம் எழுத முடிந்தது, சத்துணவில் அவர்கள் கணக்கில் வந்தார்கள். சத்துணவுக் கூடத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே அரிசி அளப்பது அன்று வந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து. இன்று நாற்பது பேர் என்றால் நாற்பது பேருக்கு உலை வைக்கிறார்கள். அதே வளாகத்தில், பத்தடி தூரத்தில் இருக்கும் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் மட்டும் முந்தைய ஆண்டின் ஒரு நாள் கணக்கு. நாள்தோறும் வருகையைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கும்போது, மானியத்துக்கு மட்டும் ஒரே ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டிருக்க நிர்வாகக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

தேவையைப் பார்த்துப் பணம் ஒதுக்கும் முறை நம்மிடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு இதே திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. அவர்களில் பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை உண்டு. அந்த 3,500 ரூபாய் ஒதுக்கீடு பள்ளியின் கைக்கு வருவதில்லை. உதவிக் கருவி, இயன்முறைப் பயிற்சி, சிறப்பாசிரியர் என்று வட்டார அளவில் செலவாகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பெயர் பதிவான குழந்தைக்குத்தான் அது கிடைக்கும், எங்கள் பள்ளியின் பதிவில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், கூப்பிட்டால் எப்போதும் இடது பக்கமாகத் தலையைச் சாய்த்துத் திரும்புவான். கரும்பலகை பக்கம் ஆசிரியர் முகத்தைத் திருப்பியபடி சொல்வதை மட்டும் எழுதமாட்டான். படிப்பில் மந்தம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை வரவழைத்துப் பார்த்ததில் வலது காது ஏறக்குறைய கேட்கவில்லை, இடது காதிலும் குறை.

அதன் பின் மருத்துவ முகாம், செவித்திறன் சோதனை, சான்றிதழ், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பம், எமிஸில் பதிவு என்று படிப்படியாகப் போக வேண்டியிருந்தது. வேலை நாளில் கூலியை விட்டுவிட்டு அந்தத் தந்தை வந்தார். அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது; பதிவேட்டில் ஊனம் என்று எழுதிவிட்டால் பின்னால் என்ன ஆகும் என்ற அவருடைய அச்சத்துக்கு எங்களிடம் உடனடி விடை இல்லை, சிறப்பாசிரியர்தான் பொறுமையாகப் பேசினார். பையனுக்குக் காதுக் கருவி கிடைத்தது. தேவைக்கேற்ற நிதி என்று பேசுகிறவர்கள் இந்தக் கட்டத்தை லேசாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. தேவையைக் கண்டுபிடிக்க ஆளும் நேரமும் வேண்டும். அது இல்லாத பள்ளியில் தேவையே இல்லை என்றுதான் கணக்கு காட்டும்.

மானியம் பற்றி வட்டார அளவில் பேசியபோது எல்லோரும் அனுதாபமாகவே கேட்டார்கள். விதி மேலிருந்து வருகிறது என்றும் சொன்னார்கள். அது உண்மைதான். எழுத்தில் ஒன்று வேண்டும் என்பதற்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் வில்லை ஒட்டி இரண்டு கேள்விகள் கேட்டேன்: செப்டம்பர் 30க்குப் பின் சேரும் மாணவர்களுக்காக மானியத்தைத் திருத்த வழியுண்டா; பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் அடிப்படையில் மானிய அளவு மாற்றப்பட்டதுண்டா. முதல் கேள்விக்கு, வழிகாட்டு நெறிமுறையில் அப்படி இடமில்லை என்று விடை வந்தது. இரண்டாவதற்குப் படிநிலைப் பட்டியலின் நகலை இணைத்திருந்தார்கள். 22ஆம் பிரிவு சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளியைக் காட்ட அந்த நகலே போதுமானதாக இருந்தது.

அதை முன்வைத்து, அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தோடு ஒரு கோரிக்கையை இணைத்தோம். அதை எழுதும்போது வெளிநாட்டு முறைகளையும் படித்தேன். நெதர்லாந்தில் 1985 முதல் தொடக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தையை 1 என்று கொண்டு, படிப்பறிவு குறைந்த பெற்றோரின் குழந்தைக்கு 1.25 என்று எடை கொடுத்தார்கள். சரக்குப் படகுகளில் வாழும் குடும்பத்துக் குழந்தைக்கு 1.4, ஊர் ஊராக வண்டியில் நகரும் குடும்பத்துக் குழந்தைக்கு 1.7. பிற்காலத்தில் அந்த முறை மாறிவிட்டது; ஆனாலும் ஓரிடத்தில் நில்லாத குடும்பத்தின் பிள்ளைக்குக் கூடுதல் செலவாகும் என்பதை ஓர் அரசு எண்ணாக எழுதி வைத்திருந்தது என்பதே எங்களுக்குத் தெம்பு தந்தது. கலிபோர்னியாவில் 2013இல் வந்த முறையில், வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தை, ஆங்கிலம் கற்றுவரும் குழந்தை, வளர்ப்பு இல்லத்துக் குழந்தை ஆகியோருக்கு அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடுதல். ஒரே குழந்தை இரு பிரிவில் வந்தாலும் ஒரு முறைதான் எண்ணுவார்கள். அப்படிப்பட்ட குழந்தைகள் ஒரே இடத்தில் 55 விழுக்காட்டுக்கு மேல் திரண்டால் தனியே இன்னொரு தொகை உண்டு.

எங்கள் கோரிக்கை அவ்வளவு பெரியதல்ல. படிநிலைக்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிலையான தொகையும் அதன் மேல் தலைக்கு ஒரு தொகையும் வர வேண்டும். செப்டம்பர் 30ஓடு ஜனவரி இறுதியிலும் எண்ண வேண்டும். பருவகால இடப்பெயர்வுக் குழந்தைக்கும் மாற்றுத்திறன் குழந்தைக்கும் தலைக்கான தொகை கூட வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் வற்புறுத்தினார். நியாயம்தான், ஆனால் எங்கள் பள்ளியில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அதில் வந்துவிடுவார்கள் என்பதாலும், பெற்றோர் சொல்வதைத் தவிர சரிபார்க்க வழியில்லை என்பதாலும் அதைப் பிற்சேர்க்கையாக மட்டும் வைத்தோம்.

விதி மாறவில்லை. கோரிக்கை மாவட்ட அளவு வரை போனதற்கு ஒப்புகை இருக்கிறது. எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்ற பட்டியலைக் கிராம சபையில் படித்தபோது, ஊராட்சி தன் நிதியிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு குழாய்களும் அமைத்துத் தந்தது. விண்ணப்பமாகக் கேட்டபோது நகராத வேலை அது. 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கான ஏறக்குறைய 2,150 கோடி ரூபாய் மாநிலத்துக்கு வராமல் நின்றபோது, படிநிலை பற்றிய பேச்சே பின்னுக்குப் போனது; பத்தாயிரமே வருமா என்பதுதான் எல்லாப் பள்ளிகளிலும் கேள்வியாக இருந்தது.

2024 ஆகஸ்டில் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டன. இம்முறை முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 பேர். என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டதால் நான் உறுப்பினராகத் தொடரவில்லை. கோப்பைப் புதிய தலைவரிடம் ஒப்படைத்தேன். அவருக்கு எமிஸ் விடுவிப்புக் கடிதத்தின் மாதிரிதான் முதலில் தேவைப்பட்டது. அதில் குழந்தையின் எமிஸ் எண், சேரும் தேதி, திருப்பி விடுவிக்கும் மாதம், ஆகஸ்ட் 1, செப்டம்பர் 30 கணக்குகள் பாதிக்கப்படாது என்ற உறுதி, தீர்மான எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஜனவரி வரை காத்திராமல், சூளை மேஸ்திரிகள் ஆள் பேசத் தொடங்கும் மாதங்களிலேயே எந்த ஊர்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன என்று விசாரித்து, அந்தப் பள்ளிகளுக்குக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவது என்று அவரும் தலைமையாசிரியையும் முடிவு செய்திருக்கிறார்கள்.