தட்டம்மை ஊசி வேண்டுமா என்று கேட்கும் பெற்றோருக்கு

பினாங்கில் எங்கள் உறவு வட்டத்தில் அண்மையில் பிள்ளை பெற்ற தம்பதியர் சிலர், தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுவிட்டு, குழந்தையின் இயற்கையான எதிர்ப்புச் சக்தியை உணவாலும் மூலிகையாலும் வளர்த்தால் போதும் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள், பிள்ளைமீது உயிரையே வைத்திருப்பவர்கள். ஆகவே அவர்களுடைய கேள்விக்கு உரிய மதிப்பைக் கொடுத்து, தட்டம்மை என்ற ஒரே நோயை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாய்ப்பாலும் நல்ல உணவும் உறக்கமும் குழந்தையின் உடலைப் பொதுவாக வலுவாக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வைரஸை உடனே இனங்கண்டு அழிக்கும் அணுக்கள், அந்த வைரஸையோ அதன் வலுவிழந்த வடிவத்தையோ உடல் ஒருமுறை சந்தித்த பிறகுதான் போதிய அளவில் பெருகி நிலைக்கின்றன. முருங்கைக்கீரையும் பப்பாளியும் எவ்வளவு ஊட்டினாலும் அந்த அறிமுகத்தை அவற்றால் தர இயலாது. தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட தட்டம்மை வைரஸ். அதைக் கண்டு எதிர்ப்பொருளைத் தயாரிப்பது குழந்தையின் சொந்த உடலே. ஊசியால் கிடைப்பதும் இயற்கையான எதிர்ப்பாற்றல்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

நோய் வந்து போனால் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு உண்டே என்பார்கள். அது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு உடல் கொடுக்கும் விலையைப் பெரும்பாலோர் அறிவதில்லை. தட்டம்மை வைரஸ், பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே தாக்குகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தை, நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவரை வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்திருந்தன. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் இத்தகைய இழப்பு காணப்படவில்லை. எதிர்ப்புச் சக்தியை வளர்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் பெற்றோர், அதைச் சூறையாடும் நோய்க்குப் பிள்ளையை விட்டுக்கொடுக்கலாமா என்பதே என் கேள்வி.

“நாங்களெல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம்?” என்று பெரியவர்கள் கேட்கும்போது பலர் வாயடைத்துப் போகிறார்கள். நம் நாட்டின் தேசியத் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்க்கப்பட்டது 1982இல்தான். அதற்கு முந்தைய தோட்டப்புறத் தலைமுறையில் பாட்டிமாரிடம் கேட்டால், பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்றாகவும் தங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கை வேறாகவும் இருக்கும். தட்டம்மை ஊசி 1963இல் வருவதற்கு முன், உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் அந்நோயால் இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோய் கண்டவர்களில் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு மூளை வீக்கத்துக்கு ஆளாகிறார்கள்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, விருந்தாளிகளை வரவிடாமல், நோயாளியைத் தனியே படுக்க வைத்த நம் வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பல தொற்றுகளில் அது அக்கம்பக்கத்தாரைக் காத்திருக்கும். தட்டம்மையிலோ, உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோய் பிறருக்குப் பரவுகிறது. சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான் என்று எண்ணி, குளிரூட்டிய மண்டபத்தில் நடக்கும் பெயர்சூட்டு விழாவுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்வது அந்த நாள்களில்தான். குழந்தை அங்கிருந்து கிளம்பிய பிறகும் இரண்டு மணி நேரம்வரை வைரஸ் காற்றில் தங்கியிருக்கும். வேப்பிலை வாசலுக்கு வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

உணவின் பங்கையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளைத் தட்டம்மை கடுமையாகத் தாக்குகிறது. நோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆனால் அது நோயின் கடுமையைத் தணிக்குமே தவிரத் தொற்றைத் தடுக்காது.

ஊசிக்கும் பக்கவிளைவு உண்டு. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலோ இலேசான தடிப்போ வரலாம். மிகச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலால் வலிப்பு ஏற்படுவதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களுக்கும் இந்த ஊசியைப் போடக் கூடாது. ஆட்டிசத்தோடு இதை இணைத்து 1998இல் வெளிவந்த கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அச்சம் மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

மலேசிய அட்டவணைப்படி இந்த ஊசி 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் அதற்குள் குறைந்துவிடுவதால், முதல் ஊசிக்குக் காத்திருக்கும் கைக்குழந்தைகளுக்குச் சுற்றியிருப்பவர்களின் பாதுகாப்பே துணை. அதற்கு நூற்றில் 95 பேராவது எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் நம் குழந்தைகளுக்கு இந்த ஊசி இலவசம். தவணை தவறியிருந்தாலும் குழந்தையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துச் சென்று தாதியரிடம் காட்டினால், விடுபட்டதை எப்போது போடலாம் என்று நாள் குறித்துக் கொடுப்பார்கள்.