பொங்குமாங்கடலின் அடியில்

குற்றாலப் பேரருவியில் ஒரே ஒரு முறை கூட்டமில்லாமல் நின்றிருக்கிறேன். சீசன் முடிந்து, சிற்றாறு நூலாய் இளைத்திருந்த பங்குனி மாதம். குளிக்க வழியில்லை என்று வருந்திய என்னிடம் அத்தை, "அண்ணாந்து பாரு, பொங்குமாங்கடல் தெரியும்" என்றார்.

மேலிருந்து பாயும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி உயரத்தில் பாறையில் குடைந்த பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழிக்குள் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் இவ்வளவு பெரிய அருவியின் அடியில் குழந்தைகள்கூட நிற்க முடிகிறது. இத்தனை ஆண்டு குளித்தும் இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது!

கீழே ஆற்றுப்பாறையில் அந்தக் குழியின் குட்டிகள். ஒன்று உரல் அளவு, இன்னொன்று உழக்கு அளவு. உரலுக்குள் முழங்கை வரை கைவிட்டேன். உள்சுவர் கழுவிய கல்சட்டிபோல் வழவழப்பு. அடியில் மணலும் நான்கைந்து உருண்டைக் கற்களும். சுழலில் சிக்கிய கற்கள் வெள்ளம் வரும்போதெல்லாம் சுற்றிச் சுற்றிப் பாறையை அரைக்கின்றன, தாமும் தேய்கின்றன. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போலத்தான், என்ன, இங்கே மாவு மணலாகிறது.

புளியங்கொட்டை அளவுக் கல் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அத்தை கையை நீட்டினார். "ஆனியில தண்ணி வரும், அதுக்கு வேலை இருக்கு." வாங்கிக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டார்.